இடது காலுக்கு வேலை இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, மூடிக் கிடந்த மரச்சாமான் கடையின் பின்பக்கத்து வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள்: பல் டாக்டர், பேக்கரிக்காரர், கிரேன் அக்கா. அவர்களுடைய மூன்று தவளைகள். டாக்டரின் பெரிய பிளாஸ்க், நாலு டம்ளர். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் பேக்கரிக்காரரின் பையை மட்டும் நன்றாக அடையாளம் தெரிந்த ஒரு பூனை.

ஐந்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தவன் லிஃப்ட்காரன். அவன் தவளையில் வரவில்லை.

தவளை என்பது அவர்களாக வைத்த பெயர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை ஒட்டி ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. விளக்கைப் போட்டால் முன்பக்கத்து மூடியிலிருந்து இரண்டு கண்ணும் எழும்பி முழிக்கும். அந்த ஒரே மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் இங்கே கூடி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அணைக்கட்டு வரை வரிசையாக ஓட்டிப்போய், காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வண்டி சம்பந்தமில்லாமல் அவர்கள் சந்தித்துக்கொண்டது கிடையாது. டாக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் லிஃப்ட்காரனுக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய வண்டியின் எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கும் என்பது தெரியும்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மனைவி போய் ஒன்பது வருடம். செத்துப் போகவில்லை, போய்விட்டாள். வேறு ஊரில் இருக்கும் அக்கா மாதம் ஒருமுறை போன் பண்ணி "சாப்பிட்டியா" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தன் மருமகளைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள். மற்றபடி வாரம் முழுக்க அவனிடம் பேசுகிறவர்கள் எல்லாம் லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்கிறவர்கள். அவனை முகம் பார்த்து, பெயருக்குப் பதில் பட்டப்பெயர் சொல்லி, சும்மா வம்பிழுப்பவர்கள் உலகத்தில் மூன்றே பேர்தான் இருந்தார்கள். மூவரும் இப்போது அவனுடைய புது வண்டியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாம்பல் நிறம். அகலம். அது உள்ளே வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. பூனைதான் முதலில் திரும்பிப் பார்த்தது.

"யாரோ வழி தவறி வந்துட்டாங்க போல," என்றார் பேக்கரிக்காரர். கதவு திறந்து லிஃப்ட்காரனின் தலை தெரிந்ததும் பாதி கடித்த பன் அவர் கையிலேயே நின்றது. "டேய் லிஃப்டு. இது யாரு வண்டி?"

"என்னோடதுதாண்ணே."

"உன் தவளை?"

"குடுத்துட்டேன். கடைக்காரன் அத எடுத்துக்கிட்டு இதக் குடுத்தான். மிச்சத்துக்கு மாசத் தவணை."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"நல்லா இருக்குடா," என்றார் டாக்டர். "பொண்டாட்டிய மாத்தறவன்கூட நாலு பேர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் மாத்துவான்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஏற்கெனவே இறுக்கமாக இருந்த பிளாஸ்க் மூடியை மேலும் இறுக்க ஆரம்பித்தார்.

கிரேன் அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். எந்தப் பொருளையும் ஒரு சுற்று சுற்றிவந்து எங்கே கொக்கி மாட்டுவது என்று பார்ப்பது அவள் பழக்கம். புது வண்டியையும் அப்படிச் சுற்றிவந்தாள். "நல்லாத்தான் இருக்கு தம்பி. கொஞ்சம் வாஷிங் மெஷின் மாதிரி இருக்கு. ஆனா விலை ஒசந்த வாஷிங் மெஷின்."

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது.

வண்டியை மாற்றியதற்கு ஒரே காரணம் அவனுடைய இடது முழங்கால். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி, காங்கிரீட் தரையில் முட்டிபோட்டு வேலை பார்த்த கால். "உள்ள ரப்பர் மாதிரி ஒண்ணு இருக்கும். உங்களுக்கு அது இருந்துச்சுன்னுதான் சொல்லணும்," என்றார் எலும்பு மருத்துவர். தவளையின் கிளச்சோ கல்லைத் தள்ளுவதுபோல் இருக்கும். இரண்டு மாதமாக ஞாயிறு காலைகளில் இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் அவன் கிளம்பினான். போன மாதம் ஒரு சிக்னலில், முதல் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டு நிற்கும்போது, கால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து, முன்னால் நின்ற பள்ளிக்கூட வேனுக்கு இரண்டு விரற்கடை இடைவெளியில் அணைந்தது. பின் கண்ணாடியில் அடைந்திருந்த பிள்ளைகள் அது வேண்டுமென்றே காட்டிய வித்தை என்று நினைத்து, இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கை தட்டினார்கள். பச்சை விழுந்து வேன் போன பிறகும் அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. இரண்டே பெடல் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினான். ஸ்போர்ட்ஸ் காராகவே வாங்கியது வீம்புக்காக.

வாங்கிய மூன்று நாளில் அவன் கண்டது இவ்வளவுதான். கதவு ஃபிரிட்ஜ் கதவுபோல மெத்தென்று சாத்திக்கொள்கிறது. தவளையின் கதவை இரண்டு முறை அறைய வேண்டும், மழைக்காலத்தில் மூன்று. சீட் அவனுடைய உயரத்தையும் முதுகுச் சாய்வையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதற்கு மூன்று பொத்தான்கள். ஒன்றாம் எண்ணில் அவன் இருக்கிறான். இரண்டும் மூன்றும் காலி. பக்கத்து சீட்டில் வேலைப் பையை வைத்தால், அங்கே ஓர் ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கத்துகிறது. வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்பானர் பைக்கு பெல்ட் மாட்டிக் கூட்டிக்கொண்டு திரிந்தான். இன்ஜின் சத்தம் இன்ஜினிலிருந்து வரவில்லை, ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. வேண்டாமென்றால் பாட்டைக் குறைப்பதுபோல அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஒருமுறை முழுக்கக் குறைத்துப் பார்த்தான். தன் மூக்கில் மூச்சு போய் வரும் சத்தம் கேட்டது. மறுபடி கூட்டிவிட்டான்.

வேகம் இருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, தவளையைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் வேகம் போவது தெரியவில்லை. தவளையில் அறுபதில் போனால் பல் ஆடும். இதில் நூறைத் தாண்டியும் யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. லிஃப்டில் நிற்பதுபோல என்று அவனுக்கே தோன்றியது, அந்த எண்ணம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இடது காலுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வளைவு வந்தால், சிக்னல் வந்தால், அது தானாக எழுந்து இல்லாத கிளச்சைத் தேடும். இருப்பது அகலமான பிரேக் பெடல். ஓங்கி மிதித்துவிடும். வண்டி மூக்குக் குப்புற நிற்கும். பின்னால் வருகிறவன் அவனுடைய பரம்பரையையே விசாரிப்பான்.

இதையெல்லாம் அப்படியே சொல்லியிருந்தால் அன்றைய காலை சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிருக்கும். சொல்வதற்கு வசதியாக அவர்களிடம் ஒரு வழக்கமும் இருந்தது. யார் வண்டியில் எதை மாற்றினாலும், டயரோ சீட் துணியோ, டாக்டர் முன்னால் நின்று அறிக்கை தர வேண்டும். மூன்று குறை, ஒரு நிறை. குறையை முதலில் சொல்ல வேண்டும்.

"சொல்லுடா," என்றார் டாக்டர், தன் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு. "குறை ஒண்ணு."

"குறைன்னு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

"குறை இல்லாத வண்டியா? அப்ப அது வண்டி இல்ல, சாமி. இறங்கி நின்னு கும்பிடு."

"நெசமாவேதான். எல்லாம் நல்லா இருக்கு."

"கியர்?"

"அதுவே போட்டுக்கும்."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"நான் உக்காந்துக்குவேன்."

பேக்கரிக்காரர் சத்தமாகச் சிரித்தார். "மாப்பிள்ளை ஜம்முனு உக்காந்துக்குவாராம். சரி விடுங்க டாக்டர், இவன் சாட்சி செல்லாது. காக்காக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. குடுடா சாவிய."

அதுதான் இரண்டாவது வழக்கம். புதிதாக வண்டியோ இன்ஜினோ மாற்றினவன் அன்றைய ஓட்டத்தில் அதை ஓட்டக்கூடாது. இன்னொருவர் ஓட்டிப் பார்த்து உண்மையைச் சொல்வார். இவன் அந்த இன்னொருவரின் தவளையை ஓட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டும். பேக்கரிக்காரர் இதற்கென்றே பன்னைக் கீழே போட்டுவிட்டு (பூனைக்கு அன்று நல்ல நாள்) கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, தன் சாவியை நீட்டினார்.

"இந்தா. ரெண்டாவது கியர் இந்த வாரம் கொஞ்சம் முரண்டு பண்ணுது. ரெண்டு தடவை மிதிச்சுப் போடு, விழுந்துரும்."

லிஃப்ட்காரன் அந்தச் சாவியைப் பார்த்தான். அணைக்கட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கியர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மிதி. அன்றைக்கு மாத்திரையும் போடவில்லை. புது வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டிருந்தான். வழக்கம் அவனுக்குத் தெரியாததில்லை. எல்லோரையும்விட கறாராக அதை நடத்தினவனே அவன்தான். ஆனால் மூன்று நாளாக வண்டியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில், அந்த வழக்கம் தன் மேலும் பாயும் என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை.

"வேணாண்ணே," என்றான்.

"என்ன வேணாம்?"

"சாவி மாத்தறது. இந்தத் தடவை வேணாம்."

"கீறிடுவேன்னு பயமாடா? என் பொண்ண விட பத்திரமா பாத்துக்கறேன், வா."

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

முட்டி போச்சுண்ணே. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இரண்டு வார்த்தை. பேக்கரிக்காரர் 'அடப்பாவி' என்று சொல்லியிருப்பார், டாக்டர் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்திருப்பார். பிறகு அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும், எல்லோரும் அவனிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பார்கள். அந்த மெதுவான பேச்சு எங்கே போய் முடியும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஏனென்றால் முன்பு அவர்கள் ஐந்து பேர். ஐந்தாமவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்டி ஓட்டக்கூடாது என்று ஆனதும், டாக்டர்தான் அவரைத் தன் பக்கத்து சீட்டில் வைத்து அழைத்து வருவார். பெல்ட் நெஞ்சில் உரசாமல் இருக்க ஒரு சின்னத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருப்பார் அந்த மனிதர். முதல் நாளே லிஃப்ட்காரன் கேட்டான்: "என்ன டாக்டர், பார்சல் வந்துருச்சா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரரும் தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பார்சலுக்குக் காபி குடு, பார்சல கவுத்து வைக்காதீங்க, பார்சல் மேல எழுதியிருக்குதே எந்தப் பக்கம் மேல வரணும்னு. எல்லாம் லிஃப்ட்காரன் வாயிலிருந்து வந்தவை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லிஃப்ட்காரனும்தான்.

பேக்கரிக்காரர் இன்னும் சாவியை நீட்டிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றான் லிஃப்ட்காரன். "நல்ல வண்டி ஓட்டிப் பழகிட்டா அப்புறம் அந்தப் பழைய இரும்புல எல்லாம் போயி உக்கார முடியாது. உங்க வண்டிய நீங்களே ஓட்டுங்க."

வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தான். அவர்களுக்குள் இதைவிட மோசமாகவும் பேசிக்கொண்டதுண்டு. ஆனால் வேடிக்கைக்கு முகம் ஒத்துழைக்க வேண்டும். அவன் முகம் அப்போது கல்லாக இருந்தது. சொன்னது சொன்னபடியே போய் விழுந்தது.

அந்தப் பழைய இரும்பைப் பேக்கரிக்காரர் துருப்பிடித்த கூடாக வாங்கினவர். அடுப்பு அணைந்த பிறகு கிடைத்த மதியங்களில், நாலு வருடமாக, ஒவ்வொரு திருகாணியாகச் சேர்த்து எழுப்பினவர். அந்த நாலு வருடத்தில் பாதி நாள் லிஃப்ட்காரனும் அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்திருக்கிறான். அவருடைய கொட்டகையில் அவனுக்கென்று ஒரு பழைய மெத்தைத் துண்டு கூட இருந்தது.

பேக்கரிக்காரர் நீட்டிய கையை மடக்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிப்பா," என்றார். டேய் என்று சொல்லவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பலாம். வெயில் ஏறிடும்."

டாக்டர் முதலில், பிறகு கிரேன் அக்கா, பிறகு பேக்கரிக்காரர். லிஃப்ட்காரன் கடைசியில். ஊர் எல்லை தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனது. தவளைகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்வதுபோல் நெருங்கிப் போகும். அதுதான் அவர்களுடைய ஓட்டத்தின் அழகே. லிஃப்ட்காரனும் நெருங்கப் பார்த்தான். பேக்கரிக்காரரின் வண்டிக்குப் பத்தடி தூரத்தில் வந்ததும் புது வண்டி ஒரு சத்தம் கொடுத்து, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மறுபடி நெருங்கினான். மறுபடி குறைத்தது. முன்னால் போகிறவரிடமிருந்து விலகியே இரு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை நிறுத்தும் இடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கையால் திரையைத் தட்டித் தேடினான். அது இருக்கைச் சூட்டைக் கூட்டியது.

வளைவுகள் ஆரம்பித்தன. முன்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பேக்கரிக்காரர் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குகிறார்: ஒரு மிதி, ஒரு உறுமல், இன்னொரு மிதி, உள்ளே விழும் ஒரு 'டக்'. கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். கேட்ட மாத்திரத்தில் இடது கால் எழுந்தது. அவன் தடுப்பதற்குள் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. நெஞ்சில் பெல்ட் அறைந்தது. முழங்காலுக்குள் ஊசி ஏறியது. வண்டி நடுரோட்டில் நின்றது. வலி அடங்கி நிமிர்ந்து பார்க்கையில் வளைவில் யாரும் இல்லை.

பின்தங்கினவனுக்காக ஆறாவது வளைவு தாண்டி இருக்கும் பெட்ரோல் பங்கில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். பதினோரு வருடத்தில் அது தவறியதில்லை. டாக்டரின் சக்கரம் காற்று இறங்கிய நாளில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். லிஃப்ட்காரன் பங்குக்கு வந்து பார்த்தான். ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.

அவன் நினைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர்களைப் பிடித்திருக்கலாம். அந்த வண்டிக்கு அது ஒரு வேலையே இல்லை. மெதுவாகவே போனான்.

அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று தவளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. வழக்கமாக அவன் நிறுத்தும் நாலாவது இடத்தில் புது வண்டி அடங்கவில்லை. எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, நொண்டாமல் நடக்க நினைத்து, கொஞ்சம் அதிகப்படியாகவே நிமிர்ந்து நடந்து வந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அது மிடுக்காகத் தெரிந்திருக்கும். தெரிந்தது.

"வாங்க," என்றார் டாக்டர். "காபி எடுத்துக்கோங்க."

டம்ளரை நீட்டினார். சூடாகத்தான் இருந்தது. சர்க்கரையும் அவன் அளவுக்கே இருந்தது. பதினோரு வருடமாக அவனை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், ஒரு புது நோயாளியை நாற்காலியில் உட்காரவைப்பதுபோல் மரியாதையாகப் பேசினார். பேக்கரிக்காரர் தண்ணீர் மட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னார். கிரேன் அக்கா அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் பரவாயில்லயா, உள்ள?" என்று டாக்டர் கேட்டார்.

"பரவாயில்லைங்க."

"நல்லது. நல்ல வண்டி."

திரும்பும்போது அவன் முன்னால் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

அவன் வீடு மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. 'ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறவன் வீட்டுக்குப் படியேறிப் போறான், அல்வா கடைக்காரன் வீட்டுல அல்வா இல்லாத கதைதான்' என்று பேக்கரிக்காரர் சொல்லிச் சிரிப்பார். கைப்பிடியைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலை அதோடு சேர்த்து, ஐம்பத்து நாலு படி ஏறினான். பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தை ஃபிரீஸரிலிருந்து எடுத்து முட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மதியம் நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. எழுந்து போய்த் திறக்க வெகு நேரமாயிற்று. இரண்டாவது முறை மணி அடிக்கவில்லை. வந்தவர் பொறுமையாக நின்றார்.

கிரேன் அக்கா. கையில் அவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடுத்த ஜாக்கி.

"இதத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன். உன் புது வண்டிக்குச் சேராது. இருந்தாலும் உன் பொருள்."

"உள்ள வாங்கக்கா."

வந்தாள். உட்காரவில்லை. நாற்காலியையும், அதன் கீழே தேங்கியிருந்த தண்ணீரையும், பட்டாணிப் பொட்டலத்தையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"பட்டாணி."

அவன் சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு மாசம் இருக்கும்."

"கிளச் மிதிக்க முடியல."

"முடியல."

"காலைல அத சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன தம்பி?"

அவன் நாற்காலிக்குக் கீழே இருந்த தண்ணீரை வலது காலால் ஓரமாகத் தள்ளினான்.

"அவர் அந்தச் சாவிய நீட்டிக்கிட்டு நின்னாரு பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க யார்டுல ஒருத்தன் இப்பிடித்தான். கண்ணு மங்கிப்போச்சு, சொல்லல. சரக்குப் பெட்டிய கொண்டுபோய் தண்ணில வச்சான். கேட்டா, அலை அடிச்சுதுங்கறான்."

"அவங்ககிட்ட சொல்லாதீங்கக்கா."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். அது உன் கால், நீ சொல்லு. கேட்டாங்கன்னா மறைக்கவும் மாட்டேன், எனக்குப் பொய் வராது." ஜாக்கியைச் சுவரோரம் வைத்தாள். "ஆனா கேக்க மாட்டாங்க தம்பி. டாக்டர் அங்கயே டம்ளர கழுவிக் கவுத்தாரு. மூணுதான் கவுத்தாரு. உன்னுது கார் மேலயே இருந்துச்சு. நான்தான் எடுத்து உள்ள போட்டேன்."

கீழே தெருவில் அவள் அணைக்காமல் விட்டுவந்த தவளையின் சத்தம் கேட்டது.

"சரி, வா," என்றாள். "கீழ போவோம். அந்த வாஷிங் மெஷின நான் ஓட்டறேன். நேரா பேக்கரிக்கு விடறேன். அவர் இப்ப கடைலதான் இருப்பாரு. நீ இறங்கக்கூட வேணாம், பக்கத்துல உக்காந்திரு. நான் இன்னைக்கு ஓட்டிப் பாத்துட்டேன், மூணு குறை இருக்குன்னு அவர்கிட்ட நான் அறிக்கை குடுக்கறேன். அப்பிடியே நீயும் கால் விஷயத்த சொல்லிரு. ரெண்டு நிமிஷம். திட்டுவாரு. திட்டிட்டு பன்னு குடுப்பாரு."

அவள் சொன்னது அத்தனையும் நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. திட்டு, பன், எல்லாம். அவனுக்குக் கண்ணில் பட்டது அதற்கு முந்தியது: கடை வாசலில் வண்டி வந்து நிற்கிறது, ஓட்டும் பக்கத்திலிருந்து அக்கா இறங்குகிறாள், பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, இறங்காமல், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பேக்கரிக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல மனுஷன். அவர் சொல்லாமல் விடும் அந்த ஒரு சொல் லிஃப்ட்காரனுக்குக் கேட்கும். அவனே செய்து கொடுத்த சொல்.

"இன்னைக்கு வேணாங்கக்கா. படி இறங்க முடியாது."

"நான் பிடிச்சுக்கறேன்."

"இன்னொரு நாள் பாக்கலாம்."

"எந்த நாள்?"

"அடுத்த ஞாயிறு வர்றேன். வந்து நானே சொல்லிடறேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து, கீழே நிற்பவன் கையை எந்தப் பக்கம் ஆட்டுகிறான் என்று பார்த்தே காலம் தள்ளினவள். இவன் எந்தப் பக்கம் ஆட்டுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சரிப்பா," என்றாள். "பட்டாணிய மாத்து. உருகிப் போச்சு."

வாசலுக்கு வந்தாள். கதவைப் பிடித்தபடி அவனும் வந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். ஐம்பத்து மூன்று வயதுக்கு நல்ல வேகம். ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு காலடி. முதல் மாடி தாண்டி, தெருக்கதவு திறந்து மூடும்வரை அவன் கேட்டுக்கொண்டு நின்றான். அணைக்காமல் நின்றிருந்த தவளை புறப்பட்டுப் போயிற்று. முதல் கியர், இரண்டு, மூன்று. பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் இரண்டு சுற்று திருப்பிப் பூட்டினான்.